ஆள் இல்லாத பக்கம்

பயிற்சியாளர் பிரிசில்லாவிடம் மதுரவல்லி அந்தக் கோடையில்தான் சிஷ்யையாகச் சேர்ந்தாள். கல்லூரி மாணவி. டென்னிஸ் நன்றாக ஆடுவாள். வாதம் அதைவிட நன்றாக. பிரிசில்லா நடத்தும் கோடை முகாமுக்குப் புதிதாக வரும் சிறுமிகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது அவள் பொறுப்பு.

ஒரு மாலை அந்தச் சிறுமிகளில் ஒருத்தியான ரிஃபானா மட்டையைக் கீழே வைத்தாள்.

“நாளைக்கு வரமாட்டேன்க்கா. பந்து பொறுக்கத்தான் கத்துக்கிட்டேன்.”

எதிரே நின்ற சுடர்க்கொடிக்குச் சிரிப்பு. அவள் அடித்த பந்துகளெல்லாம் ரிஃபானாவுக்கு எட்டாத மூலையிலேயே விழுந்திருந்தன.

மதுரவல்லி நேரே பிரிசில்லாவிடம் போனாள்.

“மிஸ், ஒவ்வொருத்தியா வர்றதை நிறுத்திடுறாங்க. இப்ப இவளும்! நான் என்ன தப்பாச் சொல்லிக்கொடுத்தேன்? மட்டையைப் பிடிக்கிறது, காலை வைக்கிறது, ஆள் இல்லாத பக்கம் அடிக்கிறது... எல்லாம் சரிதானே?”

“சரிதான்.”

“பின்னே? ஜெயிக்கிறவகிட்டப் போய் ஜெயிக்காதேன்னு சொல்லணுமா? அது அநியாயம் இல்லையா?”

“மட்டையை எடுத்துட்டு வா.”

பிரிசில்லா அடித்த முதல் பந்து இடது மூலைக்குப் போனது. அடுத்தது வலது மூலை. அதற்கடுத்தது வலையை ஒட்டிச் செத்து விழுந்தது. மதுரவல்லி ஓடினாள், குனிந்தாள், பொறுக்கினாள்.

வேலியோரம் ரிஃபானா கைகொட்டினாள். “ஐ, அக்காவும் பொறுக்குறாங்க!”

“நிறுத்துங்க மிஸ்! இதுக்குப் பேரு ஆட்டமா? ஒரு பந்தாவது என் மட்டையில பட வேண்டாமா?”

“கோட்டுக்குள்ளதானே விழுந்துது?”

மதுரவல்லி சிறுமிகள் இருவரையும் வலைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினாள்.

“சுடர், ரிஃபானா மட்டைக்கே பந்தை அனுப்பு. ரிஃபானா, நீ அவ மட்டைக்கு.”

“யாருக்குக்கா பாயின்ட்?”

“யாருக்கும் இல்ல.”

“என்ன விளையாட்டுக்கா இது!” என்றாள் சுடர்க்கொடி.

முதல் பந்து வலையில். அடுத்தது ரிஃபானாவின் தலைக்கு மேலே. “மெதுவாடி!”

அதற்குப் பிறகு ஒரு பந்து போனது. தரையில் பட்டு எழுந்தது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. மறுபடியும் வந்தது. கடைசியில் அது வலையில் மாட்டியபோது இருவரும் ஒன்றாக “ஐயோ!” என்று கத்தினார்கள்.

“உன்னாலதான்!”

“உன்னாலதான்! திருப்பிப் போடுடி!”

இருட்டும்வரை போட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்ட ரிஃபானா, “சுடர், நாளைக்குச் சீக்கிரம் வா. லேட்டா வந்தே, அவ்வளவுதான்” என்றாள்.

மதுரவல்லி நீளமாக மூச்சு விட்டாள். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

“ஒத்துக்கிறேன் மிஸ். ஆனா ஜெயிக்கிறதுக்கு எப்பத்தான் சொல்லிக்கொடுக்கிறது?”

பிரிசில்லா பந்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“தோத்தவ மறுநாளும் வந்து நிக்கிறப்ப.”