செங்கோடனை விழுங்கிய பானை

முன்னொரு காலத்தில், மரங்கள் வாய் திறந்து பேச, மனிதர்கள் நின்று கேட்டுவிட்டுப் போன காலத்தில், கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் காட்டோரத்து ஊர் ஒன்றில் செங்கோடன் என்று ஒரு விறகுவெட்டி இருந்தான். அவனுக்குச் சீரங்காயி என்று ஒரு மனைவி.

செங்கோடனுக்கு ஓட்டைக் கை. விறகு விற்ற காசோடு சந்தையிலிருந்து கிளம்புவான். வழியில் ஒருவன் அழுதால் கொடுப்பான், ஒருவன் சிரித்தால் கொடுப்பான், ஒருவருமே எதிரில் வராவிட்டால் வளையல்காரரைத் தேடிப் போய், மனைவிக்குப் பொருந்தாத அளவில் வளையல் வாங்கி வருவான். சீரங்காயிக்கோ இறுக்கிப் பிடித்த கை. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள். காசு கிடைத்தால் முந்தானையில் முடிவாள். அந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போடுவாள். அவளைக் கஞ்சப் பிசினாறி என்று ஊரில் கேலி செய்தார்கள். செய்யட்டும். மழைக்காலத்தில் விறகு நனைந்து விற்காமல் போகும்போது அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கலயத்து அரிசியால்தான். அதனால் நீங்களும் அவசரப்பட்டு அவளைத் திட்டிவிடாதீர்கள்.

ஒருநாள் செங்கோடன் காட்டில் ஒரு பெரிய புளியமரத்தின் முன் கோடரியை ஓங்கினான்.

“வெட்டாதே! வெட்டாதே! வெட்டாதே!” என்று மரம் அலறியது.

கிளை விலகியது. உள்ளேயிருந்து ஒரு பூதம் எட்டிப் பார்த்தது. நெல் குதிர் மாதிரி வயிறு, அதற்குச் சற்றும் பொருந்தாமல் கீச்சுக் குரல்.

“இது நான் குடியிருக்கிற வீடு மனுசா! வீட்டுக்குள்ள ஆள் இருக்கிறப்பவே கதவை உடைப்பியா?”

“மன்னிச்சுக்குங்க சாமி. ஆள் இருக்கறது தெரியலீங்க,” என்று செங்கோடன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக் கும்பிட்டான்.

பூதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு, மந்திரம் சொன்னவர்கள் உண்டு, வேப்பிலை அடித்தவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்டவர்கள் யாரும் இல்லை. உள்ளே போய் ஒரு கறுத்த பானையைத் தூக்கி வந்து அவன் கையில் கொடுத்தது.

“இதுல போடற காசு விடிஞ்சா ரெண்டாயிரும். ஆனா ஒண்ணு, இந்தப் பானைக்குப் பசிக்கும். காசு அதுக்குச் சாப்பாடு இல்லை. காசால நடக்கிற நல்ல காரியந்தான் சாப்பாடு. எடுத்துச் செலவு பண்ணினா சும்மா கிடக்கும். மூடி வெச்சியோ, வீட்ல இருக்கிறதைத் தின்ன ஆரம்பிச்சுரும். போய்ச் சொல்லு உன் வீட்டுக்காரிகிட்ட.”

செங்கோடன் ஒரு சொல் விடாமல் சொன்னான். சீரங்காயியும் ஒரு சொல் விடாமல் கேட்டாள். அன்று விறகு விற்ற காசைப் பானையில் போட்டாள். காலையில் பார்த்தால் இரண்டு பங்கு. சீரங்காயி தரையில் விழுந்து பானையைக் கும்பிட்டாள்.

“அப்புறமென்ன புள்ள, கூரைக்கு ஓலை வாங்கிரலாமா? ஒழுகுதே,” என்றான் செங்கோடன்.

“வாங்கலாமுங்க. ஆனா இன்னைக்குத் திங்கக்கிழமை. வாரம் பொறக்கறப்பவே கைவிட்டு எடுத்தா வாரம் முழுக்கப் போயிட்டே இருக்கும். இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்.”

நாளைக்குச் செவ்வாய். செவ்வாயில் யாராவது வீட்டுக் காசை வெளியே விடுவார்களா? புதன்கிழமை அஷ்டமி. வியாழக்கிழமை நவமி. வெள்ளிக்கிழமை லட்சுமி வீட்டுக்கு வருகிற நாள், அன்றைக்குப் பார்த்துக் காசை அனுப்பினால் லட்சுமியும் கூடவே கிளம்பிவிடுவாள். சனிக்கிழமை செலவு செய்தால் செலவு தொத்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அப்புறம் மறுபடியும் திங்கள் வந்துவிடும்.

“இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்.”

பானை நிறைந்துகொண்டே வந்தது. கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

பானைக்குப் பசித்தது. முதலில் அந்த வீட்டுச் சாப்பாட்டின் ருசியைத் தின்றது. உப்புப் போட்டாலும் கரிக்கவில்லை, புளி கரைத்தாலும் புளிக்கவில்லை. “மண்ணைத் திங்கற மாதிரி இருக்கு புள்ள, பானையைத் திற,” என்றான் செங்கோடன். சீரங்காயி சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும்.

பானைக்கு மறுபடியும் பசித்தது. செங்கோடனின் சிரிப்பைத் தின்றது. அவன் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இப்போது வாய் திறந்தது, தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. சீரங்காயி பானையின் மூடி வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். ஆனாலும் அன்று செவ்வாய்க்கிழமை.

பானைக்கு மூன்றாவது முறையும் பசித்தது. சீரங்காயி விடியற்காலையில் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தாள். பானைக்குப் பக்கத்தில் செங்கோடனின் துண்டு கிடந்தது. செங்கோடன் இல்லை. பானைக்குள் ‘டிங்’ என்று ஒரு காசு விழுகிற ஓசை கேட்டது.

அவள் பானைக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். எல்லாம் காசு. எந்தக் காசு தன் புருஷன்? காசுக்கு என்ன முகமா இருக்கிறது? தலையில் அடித்துக்கொண்டு காட்டுக்கு ஓடி, புளியமரத்தடியில் விழுந்து கதறினாள்.

“நான் சொல்லித்தானே அனுப்பினேன்!” என்றது பூதம். அதற்கும் வருத்தம்தான். “அழாதே ஆத்தா. காசோட காசாத்தான் கிடக்கிறான். பானை காலியானா அவன் வந்து சேருவான். ஆனா வீணாப் போற காசு ஒண்ணுக்கு ரெண்டாத் திரும்பிப் பானைக்கே வந்துரும். பார்த்துக்க.”

பானையைக் காலி செய்வதுதானே? இதென்ன பெரிய வேலை என்றுதான் சீரங்காயியும் நினைத்தாள். இரண்டு கையாலும் அள்ளினாள். வாணவேடிக்கை வைத்தாள், மேளம் கொட்டினாள், ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இலை போட்டாள். வந்தவர்கள் எல்லாரும் வீட்டில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். பாதி லட்டு இலையிலேயே கிடந்தது. மறுநாள் காலையில் பானையைப் பார்த்தால் காசு எல்லாம் இரண்டாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்து, கூடையில் காசை நிரப்பிப் போய்த் தெருவில் இறைத்தாள். பலசாலி பொறுக்கினான், கள்ளுக்கடைக்குப் போனான். நொண்டியும் நோயாளியும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காசும் திரும்பி வந்துவிட்டது. பானை வாய் வரைக்கும் நிரம்பிவிட்டது. உள்ளே, எங்கேயோ அடியில், செங்கோடன்.

சீரங்காயி பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். “ஒரு ஓலை வாங்கக் கேட்டீங்களே சாமி, நான் கிழமை பார்த்தேனே,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து யோசித்தாள். சேர்க்கும்போது அவள் ஒரு பிடி அரிசியைக்கூடப் பார்க்காமல் போட்டதில்லை. செலவழிக்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு இறைத்தாள்?

அன்றிலிருந்து வீடு வீடாகப் போனாள். “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் நின்றாள்.

பரிசல்காரர் பெரியண்ணனுக்குப் பரிசல் கிழிந்து கிடந்தது, புதுத் தோல் வேண்டும். இளநியாள் என்று ஒருத்திக்குப் பிள்ளைகள் நிறைய, ஓர் ஆடு இருந்தால் பால் கிடைக்கும். கூத்தன் என்ற குயவனுக்குச் சூளை இடிந்து போயிருந்தது. இது போல எத்தனையோ வீடு. சீரங்காயி கூடவே சந்தைக்குப் போனாள். ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தாள். தோலைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். விலை பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஓர் ஆட்டு விலையில் ஆடும் குட்டியுமாக ஓட்டிக்கொண்டு வந்தாள். வியாபாரி, “ஏனுங்கம்மா, ஊருக்குக் குடுக்கற காசுக்கு இத்தனை பேரமா?” என்று கேட்டே விட்டான்.

“ஊருக்குங்கிறதாலதான் பேரம்,” என்றாள் சீரங்காயி.

அந்தக் காசு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பானை குறைந்தது. கழுத்துக்கு இறங்கியது, இடுப்புக்கு இறங்கியது, அடிக்கு இறங்கியது. “நீ நல்லா இருக்கணும் ஆத்தா,” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பானைக் காசைச் செலவழிக்கவே மாட்டாள். புருஷனே உள்ளே கிடந்தாலும் பழக்கம் விடுகிறதா!

கடைசியில், ஒரே ஒரு காசு மிஞ்சியது. அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம்.

சீரங்காயி விளக்கை ஏற்றிவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் தன்னந்தனியாகக் கிடந்தது அந்தக் காசு. மற்றதெல்லாம் போய்விட்டது என்றால், இதுதானே அவன்? எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“வந்துருங்க. பானை காலியாயிருச்சு. வந்துருங்க.”

காசு காசாகவே இருந்தது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆளாக வராவிட்டால் போகட்டும், காசாகவாவது கூட இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. முந்தானையை இழுத்து அந்தக் காசை முடிந்தாள். முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

அப்போது வாசலில் மாராயி வந்து விழுந்தாள். மாராயி புருஷனை இழந்தவள். ஒரு பசுவும் ஒரு கன்றும்தான் அவள் சொத்து.

“அக்கா! கன்னுக்குட்டி ஊர்க்கிணத்துல விழுந்திருச்சுக்கா. தத்தளிக்குது. கிணத்துக் கயிறு இத்துப் போய்க் கிடக்கு. கயித்துக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை விளக்கு வெச்ச பின்னாடி கடன் குடுக்க மாட்டேங்கறார். ஒரு காசு குடுக்கா!”

சீரங்காயியின் வாய் தானாகவே திறந்தது. “இன்னைக்கு வேண்டாம்…” என்று ஆரம்பித்துவிட்டாள். மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கன்றுக்கு நாளைக்கு என்று ஒன்று இல்லை. தெரு முழுவதும் பசு கத்துகிற சத்தம்.

வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்தாகிவிட்டது. இருப்பதோ கடைசிக் காசு. அதுவும் அவள் புருஷன்.

‘அவரா இருந்தா கேட்ட நிமிசமே குடுத்திருப்பாரே,’ என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முதல் முடிச்சை விரலால் அவிழ்த்தாள். இரண்டாவது முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

“இந்தா மாராயி. ஓடு!”

மாராயி ஓடினாள். காசைப் பிரிய மனமில்லாமல் சீரங்காயியும் பின்னாலேயே ஓடினாள். கடைக்காரர் காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். அந்த ஓசை அவள் நெஞ்சில் விழுந்தது. அங்கேயே நின்று அழ நேரமில்லை. புதுக் கயிற்றின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் கிணற்றுக்கு ஓடினாள்.

கயிற்றை இறக்கினார்கள். கீழே தண்ணீர் அலம்பியது. கயிறு இறுகியது. “இழு!” என்றாள் சீரங்காயி. இரண்டு பெண்களும் இழுத்தார்கள், அசையவில்லை. ஒரு கன்றுக்குட்டி இவ்வளவு கனமா? பரிசல்காரர் பெரியண்ணன் ஓடி வந்து பிடித்தார், இளநியாள் வந்து பிடித்தாள், குயவன் கூத்தன் மண் கையோடு வந்து பிடித்தான். சீரங்காயி கூப்பிடவில்லை, அவர்களாகத்தான் வந்தார்கள்.

“இழு! இழு! இழு!”

முதலில் கன்றின் காது தெரிந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம், கயிற்றோடு சேர்த்துக் கன்றைக் கட்டிப் பிடித்திருக்கிற இரண்டு கைகள். அந்தக் கைகளுக்குப் பின்னால், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, செங்கோடன்!

கன்றைத் தரையில் விட்டுவிட்டு அவன் எல்லாரையும் திருதிருவென்று பார்த்தான். “ஏ புள்ள, நான் எப்படிக் கிணத்துக்குள்ள போனேன்?” என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். தெருமுனை வரைக்கும் கேட்டது.

சீரங்காயி ஊர் பார்க்கிறதே என்றுகூட யோசிக்காமல் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு திரும்பி, மாராயியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீ வந்து கேட்டியே மாராயி. கேக்காம விட்டிருந்தா நான் அவரை முடிச்சுப் போட்டு வெச்சுக்கிட்டே செத்துப் போயிருப்பேன். நீ நல்லா இருக்கணும்.”

மாராயி கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். “காசு குடுத்ததும் நீ, கும்பிடறதும் நீயாக்கா?” என்றாள்.

“ஆமா,” என்றாள் சீரங்காயி. “நாந்தான் கும்பிடணும்.”

மாயம் நீங்கிய பானை வெறும் மண்பானையாகிவிட்டது. அவர்கள் வீட்டுக் கூரைக்கு அந்த வாரமே ஓலை வந்தது. அதையும் பேரம் பேசித்தான் வாங்கினாள் என்று நான் சொல்லவே வேண்டாம். கதை இவ்வளவுதான். கேட்ட உங்கள் வீட்டிலும் அடுப்பு அணையாமல் எரியட்டும், வாசலில் வந்து கேட்கிறவர்களும் வந்துகொண்டே இருக்கட்டும்.