சவுக்கு கேட்டவளுக்குப் பைன்

“ஒரு மரத்துப் பேருக்காகவா அம்மை இவ்வளவு சண்டை?”

சிதம்பரதாணு கேட்டார். கேட்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. காது இரண்டும் சிவந்திருந்தன.

பிரமநாயகி அம்மை பூக்கட்ட வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரு சண்டை போட்டா?”

“ஒரு பொம்பளை. இசக்கியாம் பேரு. வாசல்ல நிக்கா. என்னையப் பாத்து, ‘நீரெல்லாம் ஒரு சாமியா’ங்கா. மடத்து வாசல்ல வச்சு, அம்மை! நாலு பேரு பாக்க!”

தாணுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஜவுளிக்கடையைப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அவள்தான் குரு. ஆனாலும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

மடம் இருந்தது தேரிப் பக்கம். தேரி என்றால் செம்மணல் மேடு. காற்றடித்தால் இடம் மாறும் மேடு. ஊர்க்காரர்களுக்கு மரக்கன்றுகளைச் சும்மா கொடுப்பது அந்த மடத்து வழக்கம். நாற்றங்கால் தாணுவின் பொறுப்பு.

“எதுக்கு அப்படிச் சொன்னா?”

“போன வருஷம் சவுக்குக் கன்னு கேட்டாளாம். நான் பைன் கன்னு குடுத்துட்டேனாம்.”

“குடுத்தியளா?”

“குடுத்தேன்.”

நார் கிழித்த கை நின்றது.

“சவுக்கு தீந்துபோச்சு, அம்மை. மலை மடத்துல இருந்து வந்த பைன் கன்னு சும்மா கெடந்தது. ரெண்டுக்கும் ஊசி மாரி இலை. எடுத்துக் குடுத்தேன். இதுல என்ன குத்தம்? பேருங்கது நாம வச்சதுதான! வெள்ளைக்காரன் சவுக்கையே ஆஸ்திரேலியா பைன்னுதான் சொல்லுதான். நம்ம தாழையையும் ஸ்க்ரூ பைன்ங்கான். அன்னாசியைக்கூட விட்டுவைக்கல்ல. மலையில போய்க் கேட்டா ஒருத்தன் ஊசிமரம்ங்கான், ஒருத்தன் கிறிஸ்துமஸ் மரம்ங்கான். ஆயிரம் பேரு இருக்கட்டும். எல்லாம் ஒண்ணுதான்னு நீங்கதான சொல்லிக்குடுத்தியோ?”

பேச்சைப் பார்த்தீர்களா! கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் பட்டு கேட்டவருக்கு நூல்சேலையை மடித்துக் கொடுத்த ஆள் இல்லை இவர். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தரம், ஒரு அலமாரி. சும்மா கொடுக்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் மனுஷனுக்கு எல்லாம் ஒன்றாகிவிட்டது.

“அவளை உள்ள வரச் சொல்லுங்க” என்றாள் அம்மை.

இசக்கி வந்தாள். கும்பிடவில்லை. கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கன்று இருந்தது. முழுக்கக் காய்ந்துபோன கன்று. அதை அம்மையின் முன்னால் போட்டாள்.

“இது சவுக்குதானா சாமின்னு கேட்டேன், தாயே. தோகை வேற மாரி இருக்கேன்னும் கேட்டேன். ‘சவுக்குதான், கொண்டு போ’ன்னாரு. மடத்துல இருக்கவரு பொய் சொல்லுவாரான்னு நம்பித் தலையில சொமந்துட்டுப் போனேன்.”

அம்மை தாணுவைப் பார்த்தாள். தாணு சுவரைப் பார்த்தார்.

“எங்க நட்ட?”

“வீட்டுக்கு மேக்க. தேரி மணலு அங்கிட்டு இருந்துதான் வரும். மழைக்காலத்துல நல்லாத்தான் நின்னுச்சு. பங்குனி வெயிலு வந்ததும் ஒண்ணொண்ணாக் கருகிச்சு. குடிக்க வச்சிருந்த தண்ணியையும் கொண்டுபோய் ஊத்துனேன். ஒண்ணுகூடத் தங்கல்ல.”

“இப்பம்?”

“இப்பம் ஆனிக் காத்து எறங்கிட்டு. கெணத்துல மணலு விழுது. அந்தக் கெணத்தை நம்பித்தான் என் முருங்கை நிக்கி. அந்த முருங்கையை நம்பித்தான் நான் நிக்கேன். கெணறு தூந்துட்டுன்னா நான் எங்க போவேன், தாயே? எனக்குன்னு கேக்க நாதி உண்டா?”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாணுவின் பக்கம் திரும்பினாள்.

“இதைக் கேக்க வந்தா, வெள்ளைக்காரன் அன்னாசியையும் பைன்னு சொல்லுவான்னு வாசல்ல வச்சுப் பாடம் எடுக்காரு. அப்பம் அன்னாசியை நட்டு மணலை மறிக்கவா? சொல்லும்!”

தாணு கையை உயர்த்தினார். முகத்தில் ஒரு சாந்தம்.

“கோவப்படாத, இசக்கி. கோவங்கது—”

“வாயை மூடுங்க!”

சொன்னது இசக்கி இல்லை. அம்மை.

அவள் சத்தம் போட்டு மடத்தில் யாரும் கேட்டதில்லை. முற்றத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

“இசக்கி, நீ கேட்டது மணலை மறிக்க ஒரு மரம். மடத்துல இப்பம் மரம் இல்ல. இவருதான் இருக்காரு. கூட்டிட்டுப் போ.”

“இவரை வச்சு நான் என்ன செய்ய, தாயே?”

“சவுக்குக்குப் பதிலா பைன் நின்னுச்சுல்லா? பைனுக்குப் பதிலா இவரு நிக்கட்டும். கன்னு நட்ட எடத்துல கொண்டுபோய் நிறுத்து.”

தாணு சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அம்மை சிரிக்காததைப் பார்த்த பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இசக்கி வீட்டுக்கு மேற்கே, கன்றுகள் நின்ற குழிகள் பாதி தூர்ந்து கிடந்தன. தாணு நடுவில் போய் நின்றார்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் நிற்பதுபோல நின்றார். காற்று வந்தது. தியானமாவது ஒன்றாவது! கண்ணில் மணல், காதில் மணல், வாயைத் திறந்தால் பல்லெல்லாம் மணல். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் முருங்கையில் மாட்டியது.

மணல் அவருக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஒதுங்கிப் போனது. போய்க் கிணற்றில் சரசரவென்று விழுந்தது.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். இந்தப் பக்கமாகப் போனது. இந்தப் பக்கம் ஓடினார். அந்தப் பக்கமாகப் போனது.

“நில்லு! நில்லு!” என்று கத்தினார். மணலைப் பார்த்துத்தான் கத்தினார்.

இசக்கி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஓலைப்பெட்டியோடு கிணற்றுக்குள் இறங்கினாள். ஆழமில்லாத கிணறு. ஈர மணலை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள். தூரக் கொண்டுபோய்க் கொட்டினாள். மறுபடி இறங்கினாள். அவள் மேலே வருவதற்குள் அவள் அள்ளிய அளவு மணல் திரும்ப விழுந்திருந்தது.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தாணுவுக்கு.

பொழுது சாயும்வரை நின்றார்.

மடத்துக்கு வந்தபோது தலை, மீசை, வேட்டி எல்லாம் ஒரே செம்மண். நேராக அம்மையிடம் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அழுகையை அடக்க முடியவில்லை.

“அம்மை, தப்புப் பண்ணிட்டேன். எனக்குப் புரிஞ்சுட்டு.”

“எந்திரிங்க.”

“என்ன புரிஞ்சதுன்னு சொல்லட்டா?”

“வேண்டாம்.”

“நாளைக்கே எங்க கெடைச்சாலும் நல்ல சவுக்குக் கன்னாப் பாத்து வாங்கி, நானே நட்டுக் குடுத்துருதேன்.”

“நட்டுக் குடுங்க.”

தாணு கண்ணைத் துடைத்தார். மனசு லேசானது மாதிரி இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, மடத்துக்கு வந்த நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டார்.

“இனி எனக்குத் தீட்சை குடுக்கலாம்லா, அம்மை?”

அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

“உங்களுக்குப் புரிஞ்சதுல, அவ கெணத்து மணலு எத்தனை பெட்டி வெளிய வந்துச்சு, அண்ணாச்சி?”

தாணு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு பெட்டியும் வரல்ல.”

“அப்பம் விடியமுன்ன கெளம்பிப் போய் அள்ளுங்க. நீங்க நடப்போற கன்னு மணலை மறிக்க நாலு வருஷம் ஆகும்.”