குரங்கு கடித்துப் போட்ட நெல்லி

மேட்டு நெல்லி மரத்தில் குரங்குக் கூட்டம் ஏறிவிட்டால் போதும், கீழே புள்ளிமான்கள் வந்து நின்றுவிடும். குரங்குகளுக்கு ஒழுங்காகச் சாப்பிடத் தெரியாது. ஒரு கடி கடிக்கும், மீதியைக் கீழே போடும், அடுத்த காய்க்குக் கை நீட்டும். கொழுந்துக் கிளையையும் ஒடித்துத் தள்ளும். பனி முடிந்து புல் காய்ந்த மாதங்களில் மான்களுக்கு அதுதான் சாப்பாடு. மேலே இருக்கும் குரங்கு புலியைப் பார்த்தால் கத்தும். கீழே இருக்கும் மான் புலி வாடை அடித்தால் கூவும். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை இது. அதனாலோ என்னவோ, யாரும் யாருக்கும் நன்றி சொன்னதும் இல்லை.

அந்த மான்களில் செம்பன் என்று ஒருவன். நல்ல கொம்பு, நல்ல உடம்பு, ஆனால் மனசு முழுக்கப் பயம். அவன் அண்ணன் செந்நாய்களுக்குத் தப்பி ஓடி, ஓடையைத் தாண்டியதும் சுருண்டு விழுந்து செத்துப்போனான். உடம்பில் ஒரு பல் கூடப் படவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து செம்பன் மேய்ச்சலை விட்டுவிட்டு, தன் நெஞ்சு சரியாக அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நிற்பான். நம்மிலும் இப்படிச் சிலர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

இதை ஒரு நரி கவனித்தது. புலி தின்ற மிச்சத்தில் பிழைக்கிற நரி அது. புலிக்கோ வயசாகிவிட்டது, வேட்டை வாய்க்கவில்லை. இரண்டுக்கும் வயிறு காய்ந்து கிடந்தது. ஒருநாள் நரி ஒரு தேக்கிலைப் பொட்டலத்தோடு செம்பனிடம் வந்து, மிகவும் அக்கறையாக நலம் விசாரித்தது.

“அண்ணே, காட்டிலாகா வேலிக் கம்பி துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நெஞ்சும் அப்படித்தான் உள்ளே துருப்பிடிக்கும். இந்தச் சத்து உருண்டை அந்தத் துருவைச் சுரண்டி எடுத்துவிடும்” என்றது.

நெல்லியும் மருதப்பட்டையும் சேர்த்து இடித்து, தேனில் உருட்டியதாம். ஓர் உருண்டை ஒரு கூடை நெல்லிக்குச் சமமாம். விலை எதுவும் வேண்டாமாம். பத்தியம் மட்டும்தான் முக்கியமாம்: மேட்டில் ஏறக்கூடாது, ஓடக்கூடாது, மூங்கில் புதருக்குள் நிழலில் படுத்தே இருக்க வேண்டும்.

“எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் குரங்கு எச்சிலைத் தொடாதீர்கள் அண்ணே. உங்கள் தகுதி என்ன, அது என்ன?”

அந்தக் கடைசிப் பேச்சு செம்பனைக் கவிழ்த்துவிட்டது. இத்தனை காலம் எச்சிலையா தின்றோம் என்று கூசிப்போனான். அன்றே மூங்கில் புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். நரி தினமும் உருண்டை கொண்டுவந்து போட்டது. இனிப்பாக இருந்தது. செம்பனுக்கு வயிறு பெருத்தது, தோல் மினுமினுத்தது. ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்கியது. மருந்து வேலை செய்கிறது, துரு கரையும்போது அப்படித்தான் இருக்கும் என்றது நரி. அவனும் நம்பினான்.

மரத்தடியில் செம்பனைக் காணாமல் தேடி வந்தாள் கருமுகி. குரங்குக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. முன்பல் ஒன்று பாதி உடைந்தவள்.

“என்னப்பா செம்பா, மேட்டுப் பக்கமே காணோம். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீ கடித்துப் போட்டதைப் பொறுக்கித் தின்ன இனி வர மாட்டேன்” என்றான்.

கருமுகிக்குச் சுருக்கென்றது. வந்த வழியே மரத்துக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து மரத்தில் உட்கார்ந்து காய் கடிக்கும்போதெல்லாம் அவள் கண் அந்த மூங்கில் புதர் மேலேயே இருந்தது. கோபம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம்.

ஒரு காலை நேரம். காய்ந்த புல்லுக்குள் ஏதோ மஞ்சளாக அசைவதை அவள் பார்த்தாள். புலி! அது நேராக மூங்கில் புதரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கருமுகி கத்திய கத்தலில் மரத்தடி மான்கள் சிதறி ஓடின. புதருக்குள் இருந்த செம்பனுக்கு மட்டும் கேட்கவில்லை, அவ்வளவு தூரம். மரத்துக்கு மரம் தாவி அவளே ஓடினாள். கூட்டமும் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. புதருக்கு மேலே வந்து கிளையை உலுக்கி, “எழுந்திரு செம்பா! ஓடு!” என்று அலறினாள்.

செம்பன் எழுந்தான். ஓடினான் என்று சொல்ல முடியாது, உருண்டான். கால் பின்னியது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. அண்ணன் விழுந்த மாதிரி நானும் விழப்போகிறேன் என்று நினைத்தான். அதற்குள் குரங்குகள் புலியின் தலைக்கு மேலேயே கத்த, மயில்கள் அகவ, காடே விழித்துக்கொண்டது. இத்தனை பேர் பார்த்த பிறகு ஒளிந்து பாய்வது எங்கே? பத்தடி துரத்தி மூச்சு வாங்கிய கிழப் புலி, பின்னால் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்த நரியைப் பார்த்து ஓர் உறுமல் உறுமியது. நரி பொட்டலத்தைப் போட்டுவிட்டு எடுத்தது ஓட்டம். அப்புறம் அந்தப் பக்கம் அதை யாரும் பார்க்கவில்லை.

தட்டுத்தடுமாறி நெல்லி மரத்தடியில் வந்து விழுந்தான் செம்பன். நரி ஏன் விலை கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கருமுகி நரியின் பொட்டலத்தைத் தூக்கி வந்து, ஓர் உருண்டையைப் பிய்த்துப் பார்த்தாள். நடுவில் சரியாக மெல்லப்படாத நெல்லித் துண்டு ஒன்று. அதில் பல் தடம், ஒரு பல் மட்டும் பாதி.

“இது நான் கடித்ததாச்சே!” என்று அவள் சிரித்துவிட்டாள். “நரி எந்தக் காலத்தில் மரம் ஏறியது? நான் கீழே போட்டதைத்தான் பொறுக்கியிருக்கிறது. இடிக்க அதற்கு உலக்கை ஏது? வாயில் போட்டு மென்றிருக்கிறது.”

செம்பன் வாயில் ஒட்டியிருந்த தேனைப் புல்லில் தேய்த்துத் துடைத்தான். பிறகு அவன் கண் கலங்கியது.

“அக்கா, தினமும் இந்த மேட்டில் ஏறி நடந்தேனே, அதுவும் உங்களால்தான். வயிறு நிறைந்ததும் உங்களால்தான். இன்றைக்கு உயிரும் உங்களால். ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனசார நன்றி அக்கா” என்றான்.

கருமுகி மேலே ஏறி, ஒரு காயைக் கடிக்காமல் முழுசாகப் பறித்து அவன் முன்னால் போட்டாள்.

“அதையும் ஒரு கடி கடித்துப் போடுங்கள் அக்கா, அப்போதுதான் எனக்கு ருசிக்கும்” என்றான் செம்பன்.

மறுநாளிலிருந்து அவன் மெல்ல மெல்ல மேடேறி வந்தான். மூச்சு வாங்கினால் நின்றான், பிறகு ஏறினான். மழைக்காலம் வருவதற்குள் மற்ற மான்களோடு சேர்ந்து ஓடினான். தன் நெஞ்சு அடிப்பதை இப்போதெல்லாம் அவன் கேட்பதில்லை. கருமுகியின் குரலுக்குத்தான் காது கொடுக்கிறான். குனிந்து முதல் காயைத் தின்னும் முன், ஒருமுறை அண்ணாந்து மேலே பார்க்கிறான்.

நீதி: நம் நெஞ்சைக் காக்கும் சத்தை யாரோ உருட்டித் தரும் உருண்டையில் தேடுமுன், நம்மை நாள்தோறும் நடக்க வைத்து, ஊட்டி, காவல் நிற்பவர்களை நினைத்து நன்றி சொல்ல வேண்டும்.