கோடு எதனுடையது?

ஒரு சுவரில் இரண்டு நிழல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. எது யாருடையது என்று நீங்கள் சொல்ல வேண்டும். சுவரைத் தொடக் கூடாது. என்ன செய்வீர்கள்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அருமைநாயகம் பல வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சி மாணவராக வந்தவர். அவருக்கு வழிகாட்டியான பேராசிரியர் ரஹீமா அவரைவிட வயதில் சின்னவர்.

உலோகத் துண்டின் மேற்பரப்பைப் படம் பிடிப்பது அவர்களுடைய வேலை. அணு அளவுக்குக் கூரான ஊசி ஒன்று, பரப்பைத் தொடாமல் அதன் மேலே ஊர்ந்து போகும். இரும்பு பூசிய ஊசி என்பதால் அதற்கு இரண்டு வரிசைகள் தெரியும். எலக்ட்ரான்கள் நெருங்கியும் விலகியும் நிற்பது ஒன்று. அணுக்களின் குட்டிக் காந்தங்கள் மாறி மாறித் தலைகீழாக நிற்பது இன்னொன்று. படத்தில் இரண்டும் பின்னிக்கொண்டு வரும்.

அன்று மதியம் திரையில் அழகான கோடுகள் விழுந்தன. அருமைநாயகம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மறுநாள் காலை ஆய்வுக் குழு கூடுகிறது. காந்த வரிசையைக் கண்டதாகக் காட்டினால்தான் அவருடைய படிப்பு விடுப்பு நீளும். இல்லையென்றால் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ரஹீமா உள்ளே வந்தார்.

“என்ன சார், கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி நிற்கிறீர்கள்?”

“கோடு வந்துவிட்டது மேடம்.”

“அதற்கா இந்த முகம்?”

“இது காந்தக் கோடுதானே மேடம்?”

ரஹீமா வண்டி ஓட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார். மெல்லத் திருப்பினார். திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்வதால், கண்ணாடி குறுக்கே திரும்பியதும் அதன் வழியே திரை இருண்டது. கோடுகள் மறைந்தன. திரைமேல் இருந்த பழைய கீறல் மட்டும் அப்படியே தெரிந்தது.

அருமைநாயகத்துக்குப் புரிந்தது: கண்ணாடியைத் திருப்பியதுபோல ஊசியின் காந்தத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் காந்தப் புலம் கொடுத்தால் ஊசியின் காந்தம் தலைகீழாகும், உலோகத்தின் காந்த வரிசை மாறாது. காந்தக் கோடாக இருந்தால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறும். எலக்ட்ரான் கோடாக இருந்தால் மாறாது.

“திருப்பும்போது ஊசி இடித்துவிட்டால் கூர் போய்விடும். நாளைக்குள் இன்னொன்று தயாராகாது மேடம்.”

“ஆகாது.”

“இப்படியே காட்டினால் குழுவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.”

“மாட்டார்கள். பாதிப் பேருக்குக் கண் பஜ்ஜித் தட்டின் மேல்தான் இருக்கும்.”

அருமைநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“பயமாக இருக்கிறது மேடம்.”

“எதற்கு சார்? ஊசி கெட்டுவிடும் என்றா, கோடு மாறாமல் நின்றுவிடும் என்றா?”

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அருமைநாயகம் காந்தப் புலத்தைத் திருப்பினார்.