யானை மிதிச்ச கூடை

மேகம் படுத்து எழுந்திரிக்கிற ஒரு மலை இருந்துச்சாம், அந்த மலையில கெம்பின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ சனம் மூங்கில் கூடை பின்னும், கீழ சந்தையில விக்கும், வித்த கையோட அரிசியும் உப்பும் வாங்கிட்டுப் போய் மலைச்சாமிக்கு வருஷப் பொங்கல் வைக்கும். கூடை விக்கலேன்னா பொங்கல் இல்ல, பொங்கல் இல்லேன்னா கொட்டு இல்ல, கொட்டு இல்லேன்னா ஆட்டம் இல்ல. புரியுதா கண்ணுகளா?

ஒருநாள் ராஜா, நெல்லு கொட்டி வைக்க ஆயிரம் கூடை வேணும்னு தண்டோரா போட்டாரு. சந்தைக்குத் தலைவன் குப்பண்ணன் மலைக்கு ஓடியாந்தான்.

"ஏ கெம்பி, இன்னிக்கே மூங்கில் வெட்டு!"

"வளர்பிறையாச்சே ஐயா. இப்ப மூங்கிலுக்குள்ள இனிப்பு ஏறிக் கிடக்கும், வண்டு தின்னுடும். தேய்பிறை வரட்டும்."

மறுநாளும் வந்து "வெட்டு"ன்னான், அவளும் "தேய்பிறை வரட்டும்"னா. மூணாம் நாளும் அதே பேச்சு, அதே பதில்.

"சோம்பேறிக் கூட்டம்! இனிமே சந்தையில கால் வைக்காதீங்க!"

கத்திட்டு, ஆள் வெச்சு ஒரு மூங்கில் தோப்பையே மொட்டையடிச்சான், ஆயிரம் கூடை பின்ன வெச்சு அரண்மனைக்கு அனுப்பிட்டான். இந்த வருஷம் சாமிக்கு என்னத்த வைக்கிறதுன்னு கெம்பி அழுதா.

மூணு மாசம் போச்சு. களஞ்சியத்துல ராஜா ஒரு கூடையைத் தூக்குறாரு, உளுத்து மாவாக் கொட்டுது. இன்னொண்ணு, அதுவும் மாவு. ஆயிரமும் மாவு! நெல்லு பூரா தரையில!

"மலைக்காரங்க பின்னுனது மகராசா, அவங்க கூடையே இப்படித்தான்"னு குப்பண்ணன் வாய் கூசாம புளுகினான்.

ராஜா அவனையும் இழுத்துக்கிட்டு யானை ஏறி மலைக்கே வந்து, உளுத்த கூடையைக் காட்டி "இது நீங்க பின்னுனதா?"ன்னு கேட்டாரு. கெம்பி தூங்குற பிள்ளையைக் கூடையிலேருந்து தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, கூடையைத் தரையில கவுத்தா.

"என் ஆத்தாளோட ஆத்தா படுத்த கூடை மகராசா. தேய்பிறையில வெட்டுன மூங்கில். உங்க யானையைக் கால் வைக்கச் சொல்லுங்க. உளுத்துப்போனதெல்லாம் இவரு வளர்பிறையில வெட்டுனது."

யானை கால் வெச்சுது. கூடை 'கிர்ர்ர்'னு முனகி அமுங்குச்சு. யானை காலை எடுத்துச்சு, அமுங்குன கூடை மெல்ல மெல்ல எழுந்து பழையபடி நின்னுச்சே! ஒரு மூங்கில் சிம்பு கூடப் பிரியல! அம்மாடி, என்ன கைடீ அது! ராஜா கீழ இறங்கி, செருப்பைக் கழட்டிட்டு, அந்தக் கூடையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

"என்ன வேணும் தாயீ?"

"சந்தையில எங்க இடம் வேணும். எப்ப மூங்கில் வெட்டணும்னு நிலாதான் சொல்லணும், வேற யாரும் சொல்லக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்"னாரு ராஜா. வெட்டுன தோப்பு பழையபடி வளர்ற வரைக்கும் குப்பண்ணன் தண்ணி சுமந்து ஊத்தணும்னும் சொல்லிட்டாரு.

அந்த வருஷம் பொங்கல் வெச்சாங்க, கொட்டு அடிச்சாங்க, விடிய விடிய ஆடுனாங்க. குடமும் தலையுமா குப்பண்ணன் எட்டிப் பார்த்தான். மூங்கில் அவன் முழங்கால் உசரம்தான் வந்திருந்துச்சு. அவன் சுமக்கட்டும், அவங்க ஆடட்டும், நீங்க தூங்குங்க.