கார் நின்ற இடம்

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனுக்குப் புது ஆபீஸ் கட்ட ஆசை வந்தது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும், ஏசி மட்டும் பாதிதான் ஓட வேண்டும் என்றார். பெரிய பெரிய இன்ஜினியர்களே கையை விரித்தார்கள். கடைசியில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் இன்ஜினியர் மரகதவல்லி வந்து நின்றாள்.

"உன்னால என்னம்மா ஆகும்?"

"உங்க காரு மாதிரியே கட்டித் தர்றனுங்க."

ஊரிலேயே விலை உயர்ந்த கார் அது. அவர் மனம் குளிர்ந்துபோய்ச் சம்மதித்தார்.

அடுத்த வாரம் மனையிலேயே வரைபடத்தை விரித்தாள். கண்ணாடி இருந்தது. அதற்கு வெளியே வெயில் மறைப்பு, அதற்கும் முன்னால் வரிசையாகப் புங்கமரம்.

"என் கண்ணாடியையே மறைச்சுட்டயே, இதுதானா என் காரு மாதிரி?" என்று சீறினார்.

அவள் கையைக் காட்டினாள். புங்கமரத்தடியில் கார் நின்றது, சன்னலுக்குச் சன்னல் கறுப்புத் திரையோடு.

"கண்ணாடி கம்பெனிக்காரன் போட்டதுங்க. திரை நீங்க போட்டது. நிழல் பாத்து நிறுத்துனது உங்க டிரைவரு."

சென்னியப்பன் போய்க் காரின் கதவைத் தொட்டுப் பார்த்தார்; சுடவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் முப்பது வருஷம், மின்சாரம் மிச்சமாகும் கட்டடம் என்றாலே மரகதவல்லியைத்தான் தேடி வந்தார்கள். யார் வந்தாலும், டிரைவர் வண்டியை எங்கே விட்டிருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் அவள் பென்சிலை எடுப்பாள்.