ஈயம் சுரண்டிய ராஜா

ஒரு காலத்திலே வெள்ளாற்றூர்ச் சீமையை மணிமகுடபூபதின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுஷன்தான். ஆனா மின்னுறதைக் கண்டா புத்தி மங்கிடும்.

ஒருநாள் அரண்மனை மடைப்பள்ளிக்குள்ளே எட்டிப் பார்த்தாரு. பித்தளை அண்டா, குண்டான் எல்லாம் வெளியே தங்கமா ஜொலிக்குது. உள்ளே மட்டும் வெள்ளையா மங்கிக் கிடக்குது. கூட வந்த அலங்கார அதிகாரி செண்பகராயர் விடுவாரா?

"பிரபு! இவ்வளவு அழகான பாத்திரத்துக்குள்ளே யாரோ சாம்பலைப் பூசி வச்சிருக்காங்களே!"

அது ஈயம்னு அவருக்குத் தெரியாதா என்ன? நல்லாத் தெரியும். புளி பட்டா பித்தளையிலே பச்சையாக் களிம்பு ஏறும், அது வயித்துக்குள்ளே போனா குடலைப் புரட்டி எடுத்துடும், அதுக்குத்தான் உள்ளே ஈயம் பூசுறதுன்னு அந்த ஊர்லே அடுப்பு மூட்டுற அத்தனை பேருக்கும் தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது. அவர் எந்தக் காலத்துலே அடுப்பு மூட்டினாரு?

"சுரண்டுங்க அத்தனையையும்! உள்ளேயும் தங்கமா மின்னணும். என் பாத்திரத்தைக் குறை சொல்ற நாக்கை அறுத்துப்புடுவேன்!"

சுரண்டியாச்சு. ரெண்டே நாள்லே ராஜாவுக்குக் குமட்டல், ராணிக்கு வாந்தி, அரண்மனை முழுக்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடந்தாங்க. சும்மா இருப்பாங்களா? ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம். எலுமிச்சைச் சாத்திலே இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்கன்னாங்க. புளிச்ச மோர்லே பெருங்காயம் கரைச்சுக் குடிங்கன்னாங்க. நல்ல மருந்துதான், குத்தம் சொல்ல ஒண்ணுமில்லே. ஆனா அதையும் அந்தப் பாழாப்போன அண்டாவிலேதானே கலக்குறாங்க! மருந்து குடிக்கக் குடிக்க நோவு ஏறிச்சு.

செண்பகராயர் கணக்குப் போட்டாரு. சுரண்டச் சொல்லித் தூபம் போட்டது தான்தான்னு வெளியே வந்துட்டா? முந்திக்கிட்டாரு.

"பிரபு, சமையல்காரன் பெத்தபெருமாள் விஷம் வைக்கிறான். எல்லாரும் வாந்தி எடுக்கிறோம், குட்டி இளவரசி மட்டும் துள்ளி விளையாடுது. ஏன் தெரியுமா? குழந்தைக்கு மட்டும் தனியா மண்சட்டியிலே ஆக்குறான்! எதுலே விஷம் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. "நாளைக்கு விடிஞ்சதும் யானைக்காலிலே போடுங்க அவனை!"

ஏரிக்கரை உடைப்பைப் பார்க்கப் போயிருந்த மந்திரி திருமேனியார் அன்னிக்குத்தான் திரும்பினாரு. சேதி கேட்டதும் சிறைக்குப் போனாரு. பெத்தபெருமாள் குலுங்கிக் குலுங்கி அழுதான், பாவம்.

"என் மகளுக்கு இது நிறைமாசம் சாமி. பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமப் போயிருவேன் போலிருக்கே!"

"அழாதேப்பா. குழந்தைக்கு மட்டும் ஏன் மண்சட்டி?"

"சின்ன வயிறு, தாங்காதுங்க." அதுக்கு மேலே வாயைத் திறக்கலே. மந்திரி வந்த வழியிலே மடைப்பள்ளியிலே ஈயம் போன அண்டாவையும் பார்த்துட்டுத்தான் வந்திருந்தாரு. அவருக்கு விளங்கிடுச்சு. ஆனா சொன்னா நாக்கு போயிடும். என்ன செய்யலாம்னு யோசிச்சுக்கிட்டே சபைக்குப் போனாரு.

"மகாராஜா, விஷம் வச்சவனைக் கொல்றது நியாயம்தான். ஆனா ஊரு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க. தினம் வைக்கிற புளி ரசத்தை இன்னிக்கு அதே அண்டாவிலே நம்ம செண்பகராயர் தன் கையாலேயே வைக்கட்டும். யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னா பெத்தபெருமாள்தான் குத்தவாளி."

"பலே! செண்பகராயரே, ஆகட்டும்!"

செண்பகராயர் மறுக்க முடியுமா? மறுத்தா சந்தேகம் வரும். மினுமினுக்கிற அண்டாவிலே புளியைக் கரைச்சு ரசம் வச்சாரு. சாப்பாட்டு நேரம் வந்தும் மந்திரி ராஜாவை எழுந்திருக்க விடலே. ஏரிக்கரை, மதகு, வண்டல்னு கதையை வளர்த்துக்கிட்டே போனாரு. ரசம் அண்டாவிலேயே கிடந்து ஊறிச்சு.

இலை போட்டதும் மந்திரி சொன்னாரு. "சமைச்சவர் முதல்லே சாப்பிடுறதுதானே முறை? ஊத்திக்குங்க ராயரே. இன்னொரு கரண்டி! கூச்சப்படாதீங்க!"

கொஞ்ச நேரம்தான். செண்பகராயர் முகம் வெளிறிச்சு. வாயைப் பொத்திக்கிட்டு ஓடினாரு. திரும்பி வந்தா ராஜா வாளோட நிக்கிறாரு.

"அடப்பாவி! அப்போ விஷம் வச்சது நீதானா?"

"ஐயோ, நான் இல்லே பிரபு! பாத்திரம்! ஈயம் இல்லாத பித்தளையிலே புளி ஊத்தினா களிம்பு ஏறத்தானே செய்யும்! பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"என் பாத்திரத்தையா குறை சொன்னே?"ன்னு ராஜா உறுமினாரு.

மந்திரி கை கூப்பினாரு. "மகாராஜா, தெரிஞ்ச நாக்கையெல்லாம் அறுக்கறதுன்னா ஊர்லே ஒரு நாக்கு மிஞ்சாது. பயந்துபோய்ச் சும்மா இருக்காங்க, அவ்வளவுதான்."

ராஜா அண்டாவுக்குள்ளே குனிஞ்சு பார்த்தாரு. ரசம் நின்ன இடத்திலே பச்சையா ஒரு வளையம். வாள் தானாக் கீழே இறங்கிச்சு. தன்னோட முத்துமாலையைக் கழட்டி மந்திரி கழுத்திலே போட்டாரு. கடைசிப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி முடிக்கிற வரைக்கும் செண்பகராயர் உலைக்குத் துருத்தி ஊதணும்னு தீர்ப்பாச்சு. பட்டு அங்கவஸ்திரத்தோட அவர் கரியிலே உட்கார்ந்து ஊதினதை ஊரே வேடிக்கை பார்த்தது.

பெத்தபெருமாளை ராஜாவே போய் விடுவிச்சாரு. அவன்கூடவே மடைப்பள்ளிக்கு வந்து வெறுந்தரையிலே உட்கார்ந்துட்டாரு. மண்சட்டியிலே அவன் ஆக்கின மிளகுக் கஞ்சி மணக்குது.

"உனக்குத் தெரிஞ்சும் என்கிட்டே சொல்லலியேப்பா. உன்னை அந்த நிலையிலே வச்சது நான்தான். என்னை மன்னிச்சிரு. இனிமே ஒருத்தனும் பயப்பட வேண்டாம். என் ஆட்சியிலே வேற என்ன குறை இருக்கு? சொல்லு, தைரியமாச் சொல்லு."

பெத்தபெருமாள் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு அகப்பைக் கஞ்சியை மொண்டு ஊத்தினான்.

"சொல்ல ஆரம்பிச்சா கஞ்சி ஆறிடும் சாமி. முதல்லே சாப்பிடுங்க."